நெஞ்சு சளி சரியாயிருச்சு, ஆனா வாப்பா இன்னும் கடலுக்கு அடியிலயே இருக்காங்க – யார் வீட்லயாச்சும் இப்படி ஆயிருக்கா?

சங்குமகன் (கீழக்கரை) – இரவு 11:42

எல்லாருக்கும் சலாம், வணக்கம். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க, வீட்ல யார்ட்டயும் இத முழுசா பேச முடியல.

எங்க வாப்பாவுக்கு 67 வயசு. வாலிபத்துல சங்கு குளிச்சவங்க, காது ரெண்டும் அதுல பாதி போச்சு, அப்புறம் கரையில சங்கு வாங்கி விக்கிற வேலை. போன மாசம் வாடைக் காத்து ஆரம்பிச்சப்ப காய்ச்சல், இருமல், மூணாவது நாள் மூச்சு வாங்குச்சு, மதுரைக்கு தூக்கிட்டு ஓடுனோம், டெஸ்ட்ல இன்ஃப்ளூயன்சா ஏ, ரெண்டு நுரையீரல்லயும் நிமோனியான்னு சொல்லி 9 நாள் வென்டிலேட்டர்ல வச்சாங்க. அல்லாஹ் காப்பாத்துனான், உயிரோட கூட்டிட்டு வந்துட்டோம்.

குழாய எடுத்த அன்னிக்கு என்னய பாத்து "கயித்த இழுடா, கயித்த இழு"ன்னாங்க. சங்கு குளிக்கிறப்ப மேல படகுல ஒருத்தர் கயித்த புடிச்சிட்டு இருப்பாராம், கீழ மூச்சு முட்டுனா கயித்த சுண்டணும், அவர் இழுத்துக்குவாரு. வாப்பா ஐசியூல கையில கெடச்ச ட்யூப், ஒயர் எல்லாத்தையும் சுண்டிருக்காங்க, அதனால கைய கட்டி வச்சிருந்தாங்க. எனக்கு அத நெனச்சா இன்னும் நெஞ்சு பதறுது.

வீட்டுக்கு வந்து 12 நாளாச்சு. பகல்ல ஒரு மூலைய பாத்துட்டு சும்மா இருக்காங்க, சட்டை பட்டன் போடத் தெரியல, மௌத்தாப்போன சாச்சா வந்தாராம்ங்கிறாங்க, ராத்திரி கட்டிலுக்கு கீழ தண்ணி ஏறுதுன்னு கால மேல தூக்கிக்கிறாங்க. வலது கால் பாதம் தூக்க வரல, இழுத்துட்டே நடக்குறாங்க. மாமி வீட்ல எல்லாம் "இது உடம்பு சீக்கு இல்ல, ஏர்வாடிக்கு கொண்டு போங்க"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வாப்பாவே வருஷா வருஷம் சந்தனக்கூடுக்கு போறவங்கதான், போறதுல எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா நெஞ்சுல வந்த சீக்கு மூளைக்கு எப்படி போகும்? இது திரும்பி வருமா?


உச்சிப்புளி_சிஸ்டர் – காலை 5:50

தம்பி, நான் 14 வருஷம் ஐசியூ நர்ஸா இருந்தவ, இப்பதான் ஊருக்கு வந்தேன். நீங்க சொன்ன கயித்துக் கதைய படிச்சிட்டு டியூட்டிக்கு கெளம்பாம உக்காந்து எழுதுறேன்.

வாப்பாவுக்கு வந்திருக்கறதுக்கு டெலிரியம்னு பேர். நம்ம பாட்டிமார் "ஜன்னி கண்டுருச்சு"ன்னு சொல்வாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். கடுமையான காய்ச்சல்ல, மூச்சுத் திணறல்ல மூளை தடுமாறுது. இது பைத்தியம் இல்ல, சைத்தானும் இல்ல, இருதயம் கிட்னி மாதிரி மூளைங்கிற உறுப்பும் அந்த நேரத்துல சரியா வேலை செய்யல, அவ்வளவுதான். வென்டிலேட்டர் போட்டவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு வரும். 2013ல அமெரிக்காவுல 821 ஐசியூ நோயாளிங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, அதுல 74 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில இருக்கும்போதே டெலிரியம். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப 40 சதவீதம் பேரோட யோசிக்கிற திறன் தலையில ஓரளவு பலமா அடிபட்டவங்க அளவுக்கு கொறஞ்சிருந்துச்சு. பயமுறுத்த சொல்லல, வாப்பா மட்டும் தனியா இல்லன்னு சொல்றேன்.

கத்துறது, ட்யூப்ப புடுங்குறது ஒரு வகை. மூலைய பாத்துட்டு சும்மா கெடக்குறது இன்னொரு வகை. அந்த ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க, "தொந்தரவு இல்லாம இருக்காரு"ன்னு விட்ருவாங்க. நானே என் ஆரம்ப காலத்துல அப்படி விட்ருக்கேன், ஒரு அம்மா ரெண்டு நாள் அப்படி கெடந்தாங்க, அமைதியா தூங்குறாங்கன்னு நெனச்சேன், அது இன்னிக்கும் மனசுல உறுத்தும்.

உங்கள சில கேள்வி கேக்கணும். கண்ணாடி, காது மிஷின் போட்டு விடுறீங்களா? ஒன்னுக்கு சரியா போறாரா, மலச்சிக்கல் இருக்கா? ராத்திரி தூங்க, அரிப்புக்கு, சளிக்குன்னு ஏதாச்சும் மாத்திரை, டானிக் குடுக்குறீங்களா? சளி டானிக்ல தூக்கம் வர்ற மருந்து கலந்திருக்கும், அவில் மாதிரி மாத்திரையும் அப்படித்தான், வயசானவங்களுக்கு அது ஜன்னிய இன்னும் கூட்டும். கால் எப்பலருந்து இழுக்குது, ஆஸ்பத்திரியிலயேவா, வீட்டுக்கு வந்து திடீர்னா? திடீர்னா இத படிச்சிட்டு இருக்காம வண்டிய எடுங்க.

இன்னொன்னு, "தண்ணி இல்ல வாப்பா, ஏன் இப்படி பேசுறீங்க"ன்னு சண்டை போடாதீங்க. கயித்த இழுன்னா கைய குடுத்து இழுங்க.


சங்குமகன் – காலை 6:35

சிஸ்டர், கால் ஐசியூலருந்து வெளிய வந்து முதல் தடவ நிக்க வச்சப்பவே இழுத்துச்சு, வீட்டுக்கு வந்து வந்ததில்ல. காது மிஷின் ஆஸ்பத்திரி பைக்குள்ளயே கெடக்கு, எங்களுக்கு தோணவே இல்ல. ராத்திரி அரிப்புன்னு ஒரு மாத்திரை கடையில வாங்கி 8 நாளா குடுக்குறோம். ஒன்னுக்கு அடிக்கடி போறாங்க, எரியுதுங்கிறாங்க.


தங்கச்சிமடம்_படகு – காலை 9:10

தம்பி நான் கடல் தொழில்தான், விசைப்படகுல டிரைவர், 2021 ரெண்டாவது அலையில கொரோனா வந்து 17 நாள் ஆக்ஸிஜன்ல கெடந்தேன். எனக்கும் இப்படித்தான், பக்கத்து பெட்ல இருந்தவர் எனக்கு நேவிக்காரனா தெரிஞ்சாரு, எங்க படக புடிச்சிட்டாங்கன்னு நெனச்சு எந்திரிச்சு ஓடப் பாத்தேன், இத நான் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லவே ஒரு வருஷம் ஆச்சு, வெக்கமா இருந்துச்சு, ஊர்ல கேட்டா அவனுக்கு மூளை கலங்கிருச்சும்பாங்க.

என்னய குப்புற படுக்க வச்சு ஆக்ஸிஜன் ஏத்துனாங்க, அது என் உயிர காப்பாத்துச்சு, ஆனா அப்படி மணிக்கணக்கா கெடந்ததுல இடது முழங்கை கிட்ட நரம்பு அழுந்தி சுண்டுவிரல் மோதிரவிரல் ரெண்டும் மரத்துப்போச்சு. வலை முடியற ஆளுக்கு அந்த ரெண்டு விரல் இல்லன்னா என்னா பண்றது, ஊசியில நூல் நிக்காது. 8 மாசம் ஆச்சு திரும்ப, இப்பவும் வாடையில வெறைக்கும்.

மூக்கு வாசனையும் போச்சு. இத எல்லாரும் சின்ன விஷயமா நெனைக்கிறாங்க. எங்க வீடு கருவாடு காயப்போடுற எடத்துக்கு பக்கத்துல, ஒரு வாசனையும் தெரியல. படகுல டீசல் கசிஞ்சு கெடந்தது எனக்கு தெரியவே இல்ல, கூட வந்த பையன் சொல்லித்தான் இன்ஜின நிறுத்துனேன், பீடி பத்த வச்சிருந்தா என்ன ஆயிருக்கும். அஞ்சு மாசம் கழிச்சு மொதல்ல வந்தது தாங்க முடியாத கெட்ட நாத்தம், காப்பி கூட ரப்பர் எரிஞ்ச மாதிரி, அப்புறம்தான் ஒவ்வொன்னா சரியாச்சு. வாப்பாவுக்கும் வரும் தம்பி, நாள் எடுக்கும்.


தேவிபட்டினத்தான் – காலை 10:25

யாரும் தப்பா எடுக்க வேணாம். எனக்கு 71 வயசு. எங்க காலத்துல காய்ச்சல் வந்தா கஞ்சியும் கஷாயமும்தான், ஆளு எந்திரிச்சா பழையபடி இருப்பான். இப்ப வென்டிலேட்டர்ல போட்டு மயக்க ஊசி மேல ஊசியா போட்டு படுக்க வச்சிருறாக, வெளிய வர்றப்ப ஆளு வேறயா வர்றான். என் சம்பந்தி அப்படித்தான் வந்தாக. சீக்கு செஞ்சதா, ஊசி செஞ்சதான்னு யாரு சொல்லுவா?


உச்சிப்புளி_சிஸ்டர் – காலை 11:15

ஐயா, உங்க கேள்வியில பாதி நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். மிடசோலம் மாதிரி மயக்க மருந்து அதிகமா ரொம்ப நாள் போனா டெலிரியம் கூடும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம். அதனாலதான் இப்ப தினம் காலையில மருந்த கொறைச்சு ஆள எழுப்பி பாக்கணும், முடிஞ்சா குழாயோடவே உக்கார வைக்கணும், வீட்டு ஆளுகள உள்ள விடணும்னு சொல்றாங்க. எல்லா எடத்துலயும் நடக்குதான்னா நடக்கல. ஒரு நர்ஸுக்கு நாலு பேஷன்ட் இருந்தா யாரு பக்கத்துல உக்காந்து பேசுறது?

ஆனா ஐயா, வென்டிலேட்டர் போடாத ஆளுக்கும் ஜன்னி வரும். எந்திரிக்காம போனவங்க கதை ஊர்ல தங்கல, எந்திரிச்சவங்க கதைதான் நம்ம காதுக்கு வருது.


ராம்நாடு_மருத்துவன் – மதியம் 2:40

வணக்கம். பொது மருத்துவம், அரசு வேலை. நேர்ல பாக்காம இங்க யாருக்கும் இதுதான்னு சொல்ல முடியாது, ஆனா சங்குமகன் கேட்ட "நெஞ்சுல வந்தது மூளைக்கு எப்படி போகும்"ங்கிற கேள்விக்கு பதில் சொல்லணும்னு தோணுச்சு, ஏன்னா என்னோட ஓபியில தினமும் யாராச்சும் இத கேப்பாங்க.

பெரும்பாலும் வைரஸ் மூளைக்குள்ள போறதே இல்ல. இன்ஃப்ளூயன்சா வந்து மூளை பாதிச்ச குழந்தைங்களோட முதுகுத்தண்டு நீர எடுத்து பாத்தா அனேகமா வைரஸ் கெடைக்காது. நம்ம உடம்பு வைரஸோட சண்டை போடுறப்ப ரத்தத்துல கொட்டுற ரசாயனங்கள் இருக்கே, சைட்டோகைன்னு சொல்வாங்க, அது மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற காவல் சுவர ஓட்டையாக்கிருது. கூடவே ஆக்ஸிஜன் பத்தாது. மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா மூச்சுல வர்ற ஆக்ஸிஜன்ல 20 சதவீதத்த அதுதான் சாப்பிடுது, அதனால நுரையீரல் சுணங்குனா மொதல்ல தடுமாறுறது மூளை. ரத்தம் உறையிற தன்மையும் கூடுது, அதுல பக்கவாதம் வரலாம். இதுபோக ரத்தத்துல சோடியங்கிற உப்பு கொறையிறது, சர்க்கரை ஏறி எறங்குறது, ஒன்னுக்குல கிருமி, இதெல்லாம் தனியாவே ஆள குழப்பிரும், இதுங்கதான் சரி பண்ண சுலபம், ஆனா டெஸ்ட் பண்ணாம தெரியாது.

தங்கச்சிமடம் அண்ணன் வாசனை பத்தி சொன்னாரு. கொரோனாவுல வாசனை நரம்பையே வைரஸ் தின்னுருச்சுன்னுதான் மொதல்ல எல்லாரும் நெனச்சோம். அப்புறம் பாத்தா அந்த நரம்புக்கு முட்டுக்கொடுத்து நிக்கிற பக்கத்து செல்லுங்கதான் அதிகம் பாதிக்கப்படுது, அதனாலதான் பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வருது.

வாப்பாவோட காலுக்கு வருவோம். ஐசியூல ரொம்ப நாள் இருந்தவங்களுக்கு ரெண்டு கை ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி பலம் கொறையும், அது தசை நரம்பு ரெண்டும் அந்த சீக்குல வாடிப்போறது. ஆனா ஒரே ஒரு பாதம் மட்டும் தூக்க வரலன்னா, முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்ப ஒட்டி ஓடுற நரம்பு படுக்கையில அழுந்தியிருக்கலாம். பக்கவாதமாவும் இருக்கலாம், அதனால பாத்தே ஆகணும். திடீர்னு வாய் கோணுனா, ஒரு பக்கம் கை கால் விழுந்தா, பேச்சு குழறுனா நேரம்தான் எல்லாம். ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ராமேஸ்வரத்துலருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் கிட்ட, மதுரை அதுக்கு மேல 110க்கு பக்கம், "காலையில பாத்துக்கலாம்"னு படுத்தீங்கன்னா அந்த நேரம் போயிரும். 108ஐ கூப்பிடுங்க.

சங்குமகன், அந்த அரிப்பு மாத்திரைய இன்னிக்கே நிறுத்துங்க, நாளைக்கு காலையில வாப்பாவ கூட்டிட்டு போய் சோடியம், சர்க்கரை, யூரின் டெஸ்ட் பாருங்க, தலைக்கு ஸ்கேன் வேணுமான்னு அவங்க பாத்து சொல்லட்டும்.


தொண்டிக்காரி – மாலை 4:05

டாக்டர் குழந்தைங்கன்னு ஒரு வரி சொன்னீங்க, அதான் எழுத வந்தேன். என் மகனுக்கு அப்ப நாலு வயசு. ஃப்ளூ காய்ச்சல், ரெண்டாம் நாள் ராத்திரி வெட்டு (வலிப்பு) வந்துச்சு. மாமியார் கையில இரும்புச் சாவிய திணிச்சாங்க, நான் வாய்க்குள்ள கரண்டிய விடப்போனேன், எதுவுமே தப்புன்னு அப்ப தெரியாது. அஞ்சு நிமிஷத்துல நின்னுச்சு, தூங்கிட்டான். காய்ச்சல் வெட்டு எல்லாப் புள்ளைக்கும் வரும்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். காலையில எழுப்புனா எந்திரிக்கல. கண்ணு தொறந்தான், என்னய பாக்கல. திரும்ப வெட்டு, இந்த தடவ நிக்கவே இல்ல. மதுரையில எம்ஆர்ஐ எடுத்து மூளைக்கு நடுவுல ரெண்டு பக்கமும் வீங்கியிருக்குன்னு காட்டுனாங்க.

பொழைச்சான். இப்ப ரெண்டாப்பு படிக்கிறான், இடது கை மெதுவாத்தான் வேலை செய்யும், கோவம் ஜாஸ்தி வரும். அந்த ராத்திரியே கெளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் நெனைக்காத நாள் இல்ல.


ராம்நாடு_மருத்துவன் – மாலை 5:30

அம்மா, அந்த நோய் வந்தா ராத்திரியே கெளம்பியிருந்தாலும் சில சமயம் இப்படித்தான் முடியும், அத மனசுல போட்டு வதைக்காதீங்க. மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ரெண்டு பக்கமும் ஜோடியா இருக்கும், ஃப்ளூவுல அது ரெண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போற வகைய 1995ல ஜப்பான் டாக்டருங்க விவரமா எழுதுனாங்க. ரொம்ப அபூர்வம்.

படிக்கிற மத்த தாய்மாருக்காக சொல்றேன். ஆறு மாசத்துலருந்து அஞ்சு வயசுக்குள்ள காய்ச்சல்ல வெட்டு வர்றது சகஜம், நூறு புள்ளைங்கள்ல ரெண்டுலருந்து அஞ்சு பேருக்கு வரும், பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வைங்க, வாய்ல எதையும் விடாதீங்க, கடிகாரத்த பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனாலோ, வெட்டு நின்னப்புறம் புள்ள தெளியாம மயங்கியே கெடந்தாலோ, தெளிஞ்சும் உங்கள அடையாளம் தெரியலன்னாலோ அது சாதாரண காய்ச்சல் வெட்டு இல்ல, உடனே கெளம்புங்க. அப்புறம் ஃப்ளூ காய்ச்சலுக்கு புள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரெய்ஸ் சிண்ட்ரோம்னு ஈரலும் மூளையும் சேந்து கெடும். மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் ரெண்டையும் ஃப்ளூ வந்த புள்ளைங்களுக்கு குடுக்காதீங்கன்னு ஜப்பான்ல சொல்லி ரொம்ப வருஷமாச்சு. நம்ம ஊர்ல கடைக்குப் போனா காய்ச்சலுக்கு மெஃபனமிக் கலந்த சிரப்ப கேக்காமயே எடுத்து குடுக்குறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். பாராசிட்டமால் எடைக்கேத்த அளவுல போதும்.


பாசிக்காரி_மகள் (பாம்பன்) – இரவு 8:20

எங்க அம்மா கடல்ல பாசி எடுக்குறவுக. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் தண்ணியில, விரல்ல துணிய சுத்திக்கிட்டு பாறையிலருந்து பிச்சு எடுக்கணும். ஒரு தடவ சாதாரண சளி காய்ச்சல், ஆஸ்பத்திரி கூட போகல. அது போயி ரெண்டு வாரம் கழிச்சு பாதம் மதமதன்னு இருக்குன்னாக, பாசி எடுத்ததுலதான்னு நெனச்சோம். மறுநாள் தொடை, அதுக்கு மறுநாள் எந்திரிக்க முடியல, மூணாம் நாள் தண்ணி முழுங்குனா பொரை ஏறுது. கீழருந்து மேல ஏறிக்கிட்டே வந்துச்சு.

ஜிபிஎஸ்னு சொன்னாங்க, கில்லன் பாரே. சளிய எதுத்து சண்டை போட்ட நம்ம சொந்தப் படையே ஆள் மாறி நரம்ப வெட்டுதாம். அஞ்சு நாள் ஐவிஐஜி ஊசி (தானம் குடுத்தவங்க ரத்தத்துலருந்து எடுக்குற எதிர்ப்புப் புரதமாம்), வெல எங்க குடும்பம் ஒரு வருஷம் பாசி எடுத்தாலும் கட்ட முடியாதது, காப்பீட்டு அட்டை இருந்துச்சு, பொழச்சோம். எட்டு மாசத்துல நடந்தாக. மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ பண்றவங்க வீட்டுக்கே வந்தாங்க, அது இல்லன்னா தெனம் ஆட்டோ புடிச்சு போயிருக்க முடியாது. சங்குமகன் அண்ணே, உங்க பகுதி சுகாதார நிலையத்துல கேளுங்க, வாப்பா காலுக்கு வருவாங்க.


ஏர்வாடி_அன்பு – இரவு 9:45

ஏர்வாடி பேச்சு வந்ததால நானும் சொல்றேன், நான் அந்த ஊர்தான். தர்காவுக்கு வர்றவங்கள நான் சின்ன வயசுலருந்து பாக்குறேன், ஆறுதல் தேடி வர்றாங்க, அத யாரும் கொச்சைப்படுத்தக் கூடாது. ஆனா 2001 ஆகஸ்ட் 6ம் தேதி எங்க ஊர்ல ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரையாச்சும் கட்டி வச்சிருக்காங்கன்னு கேட்டாலே எனக்கு கை நடுங்கும். அங்க வந்தவங்கள்ல எத்தன பேருக்கு வெறும் காய்ச்சல் ஜன்னியா இருந்துச்சோ, வலிப்பா இருந்துச்சோ.

இப்ப நெலம மாறியிருக்கு, துஆவும் வேணும் மருந்தும் வேணும்னு சொல்றவங்க எங்க ஊர்லயே நெறைய பேர் இருக்காங்க. மொதல்ல டாக்டர், அவர் தெளிஞ்சு, அவரே போகணும்னு சொன்னா அப்புறம் ஜியாரத்துக்கு கூட்டிட்டு வாங்க. நானே கூட வர்றேன்.


சங்குமகன் – ஆறு நாள் கழிச்சு, இரவு 10:15

எல்லாருக்கும் பதில் போட லேட்டாயிருச்சு, மன்னிக்கணும், ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன்.

மறுநாளே கூட்டிட்டு போனோம். சோடியம் 124தான், ரொம்ப கம்மியாம், ஒன்னுக்குல கிருமி. தலை எம்ஆர்ஐல புதுசா பக்கவாதம் எதுவும் இல்ல. காலுக்கு கரன்ட் வச்சு நரம்பு டெஸ்ட் எடுத்தாங்க, டாக்டர் சொன்ன மாதிரியே முழங்கால் பக்கத்து நரம்புதான், ஒடம்பு எளைச்சு ஒரே பக்கமா படுத்ததுல அழுந்தியிருக்கு, மாசக்கணக்குல திரும்பும்னு சொல்றாங்க. அரிப்பு மாத்திரைய நிறுத்தியாச்சு, உப்ப மெதுவாத்தான் ஏத்தணுமாம், அதுக்கு மூணு நாள் படுக்க வச்சிருந்தாங்க. இந்த தடவ உம்மாவ பக்கத்துலயே இருக்க விட்டாங்க, காது மிஷின், கண்ணாடி, பெரிய நம்பர் போட்ட கடிகாரம் எல்லாம் கொண்டு போய் வச்சோம். நாலாம் நாள் வாப்பா உம்மாவ பேர் சொல்லி கூப்பிட்டாங்க.

மாமி நேத்து பாக்க வந்தாங்க, வாப்பா அவங்க மகன் படிப்ப பத்தி விசாரிச்சாங்க, மாமி வெளிய வந்து அழுதாங்க. இன்னும் முழுசா சரியாகல. கணக்கு போட வரல, 40 வருஷம் சங்கு எண்ணி வித்த மனுஷன் நூறுக்கு மேல எண்ண தடுமாறுறாங்க. சாயந்தரம் ஆனா கொஞ்சம் கலங்குறாங்க. தங்கச்சிமடம் அண்ணே, உங்க கதைய வாப்பாகிட்ட சத்தமா படிச்சு காமிச்சேன், "அவனுக்கும் அப்படி இருந்துச்சா"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க.

சிஸ்டர், முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிட்டு கயிறுன்னாங்க. நீங்க சொன்ன மாதிரி கைய குடுத்தேன். ரெண்டு தடவ சுண்டுனாங்க. நான் இழுத்து உக்கார வச்சேன். "கரை எம்புட்டு தூரம்"னு கேட்டாங்க, வீட்டுக்கே வந்துட்டோம் வாப்பான்னேன், தண்ணி கேட்டு குடிச்சிட்டு சுபுஹு வரைக்கும் தூங்குனாங்க.


உச்சிப்புளி_சிஸ்டர் – இரவு 10:40

அல்ஹம்துலில்லாஹ் தம்பி. எண்ண வரலன்னா சங்கையே கையில குடுங்க, நம்பர் சொல்ல சொல்லாதீங்க, ஜோடி ஜோடியா பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, பழக்கப்பட்ட வேலை கையிலருந்து திரும்ப வரும். ஃப்ளூ தடுப்பூசி வருஷத்துக்கு ஒரு தடவ, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் டாக்டர்கிட்ட கேட்டு போட்ருங்க. காலுக்கு ஸ்ப்ளின்ட் (பாதம் தொங்காம தாங்குற பட்டை) குடுத்தாங்களா?


சங்குமகன் – இரவு 10:52

வெள்ளிக்கிழமை அளவெடுக்க வரச்சொல்லியிருக்காங்க சிஸ்டர், ஜும்ஆ முடிஞ்சு போறோம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு சாக்கு சங்கு கெடக்கு, காலையில எடுத்து முன்னாடி வைக்கிறேன்.